வியாகுலமேரியின் போர்வை

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, சகாய ஆனந்த் அந்தப் போர்வையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. காலடியில் போட்டிருந்தான். செத்துப்போன அக்காள் வியாகுலமேரியின் போர்வை. டயாலிசிஸ் ஓடும்போது உடம்பு நடுங்கும் என்று ஆளுக்கொன்று வீட்டிலிருந்து கொண்டுபோவார்கள். ஆள் போனபின் அதை வார்டுக்கே கொடுத்துவிடுவது அங்கே பழக்கம்.

"கிட்னி குடுக்கத் துடிச்சான், ரத்தம் சேரல, பாவம்" என்று அடக்கத்தன்று தெருவே இவனுக்காக உச்சுக்கொட்டியது. ஆனால் பரிசோதனைக்கென்று கிளம்பிய மகராசன் புதுச்சத்திரத்தில் இறங்கி, பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு ஊர் திரும்பியவன். தெருவுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்குமா?

சிதம்பரம் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் வினிகர் போலப் புளித்த வாடை. ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. போர்வையை அதன்மேல் வைத்தான்.

"மேரி தம்பியா? மூஞ்சி அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றாள் பக்கத்துக் கட்டில் ஞானாம்பாள். காட்டுமன்னார்கோயில்காரி. ஒரு கையிலிருந்து குழாய்களில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. "ஊசி குத்துறதுக்கு முன்ன அவ கையில நான் காது வைப்பேன், எங்கையில அவ வைப்பா. நரம்ப சேத்துத் தச்ச எடம் வண்டு மாதிரி முரலணும். இல்லன்னா அடச்சுக்கிச்சுன்னு அர்த்தம்."

"ம்."

"உன்னத்தான் சொல்லிட்டே இருப்பா. ரத்தம் சேரலன்னு எந்தம்பி ராவெல்லாம் அழுவுறான்னு."

சகாய ஆனந்துக்கு முகம் சுண்டியது. அழுததாக அவன் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பொய் அக்காளுடையது. எல்லாம் தெரிந்தே, தம்பியின் மானத்துக்கு அவளாகப் போர்த்திவிட்டது.

டாக்டர் கயல்விழி வந்தாள். டயாலிசிஸ் சிக்கல்களைப் பற்றி ஆய்வு செய்கிறவள்.

"கூடப் பொறந்தவங்க ரத்தமும் வேணும் சார். கொஞ்சம்தான். குடுக்குறீங்களா?"

"அக்காவுக்காக அப்பவே குடுத்துட்டேனே மேடம்."

வாய் கூசவில்லை.

கரண்ட் போனது.

மின்விசிறிகள் நின்றன. மிஷின்கள் ஒருமுறை கத்திவிட்டு அடங்கின.

அந்த அமைதியில், காலிக் கட்டிலில் ஏதோ முரன்றது.

போர்வைக்குள்ளிருந்து.

ஞானாம்பாள் தலையைத் திருப்பி, காது கொடுத்தாள். "நல்லா ஓடுது" என்று கிசுகிசுத்தாள்.

மடிப்பு மெல்ல ஏறி இறங்கியது. அவன் இடது கையால் அதை அமுக்கினான்.

சத்தம் நின்றது.

ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது. வேர்த்து நனைந்த சட்டையோடு அவன் டாக்டரிடம் இடது கையை நீட்டினான்.

"பொய் சொல்லிட்டேன் மேடம். நான் குடுக்கவே இல்ல. டெஸ்டுக்கு வரச்சொன்ன அன்னிக்கி நான் இங்க வரவே இல்ல. இப்ப எடுத்துக்குங்க."

வார்டு முழுக்கக் கேட்டது. அந்தச் சொல் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸேறி, பிறகு கடலூர் வரைக்கும் கேட்டது.

கயல்விழி நரம்பு பார்க்க மணிக்கட்டைத் தொட்டாள். விரலை வெடுக்கென்று எடுத்தாள்.

"டயாலிசிஸுக்கு நரம்பு தச்ச கையில ரத்தம் எடுக்கக்கூடாதே சார். எப்ப ஆபரேஷன் பண்ணீங்க?"

அவன் கையில் ஒரு தழும்புகூட இல்லை.

இப்போதெல்லாம் சித்திரை வெயிலிலும் அவனுக்கு முழுக்கைச் சட்டைதான். நற்கருணை வாங்கியபின் கோயில் அமைதியாகும் நேரத்தில், பக்கத்திலிருப்பவர்கள் ஃபோனை அணைக்கச் சொல்லி முறைக்கிறார்கள்.

அவன் கோயிலுக்கு ஃபோன் கொண்டுவருவதை நிறுத்தி வெகு நாளாகிறது.