ஏரிக்கடியில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

அப்பா தன் புது மீன்காட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்காததுதான் பாக்கி. ஒரு வாரமாக அதன் திரையைத் துடைப்பதும் தட்டிப் பார்ப்பதுமாகவே இருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை எங்களுக்கும் வெர்ஜில் பெரியப்பாவுக்கும் கிரெனடா ஏரியில் போட்டி நடக்கும். ஊரில் மதியச் சங்கு ஊதும்வரை எந்தப் படகு அதிகமாகக் கிராப்பி மீன் பிடிக்கிறதோ, அதற்குத்தான் வெற்றி. தோற்றவர்கள் அன்று சாயங்காலத் தேவாலய விருந்துக்கு எல்லா மீனையும் செதில் சுரண்ட வேண்டும். சமமாக முடிந்தால் இரண்டு வீடும் சேர்ந்து சுரண்டும். ஆனால் சமமாக முடிந்ததே இல்லை. வருஷா வருஷம் அப்பா தோற்பார், அவர் படகில் இருந்த பாவத்துக்கு நானும் உட்கார்ந்து சுரண்டுவேன்.

"இந்த வருஷம் பாரு ஒடெசா," என்றார் அப்பா. "தண்ணிக்குள்ள மீன் கொட்டாவி விட்டாக்கூட இந்தத் திரையில தெரியும். உங்க பெரியப்பா வச்சிருக்கிறது நான் பொறக்கறதுக்கு முந்தின பெட்டி."

அது உண்மைதான். பெரியப்பாவின் மீன்காட்டி ஒரு வட்டப் பெட்டி. கீழே மீன் இருந்தால் அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், அவ்வளவுதான். அதையும் நூல் சுற்றும் சுருள் இல்லாத நாலு சாதாரணத் தூண்டில் கழிகளையும் வைத்துக்கொண்டே அவர் எங்களைத் தோற்கடித்துவிடுவார். அவரோடு படகில் இருந்தது அவர் மகன் லெம். ஏழு வயது. அதுவரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் மரத்தில் செங்கல்லைக் கட்டி ஏரியில் இறக்கிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். கிராப்பிகள் அந்தக் கிளைகளுக்குள் குடியேறிவிடும். அன்று காலை அப்பா மீன்காட்டியில் அப்படி ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார். திரையைப் பார்த்து நானே அசந்துபோனேன். கிளை முழுக்கக் கொழுகொழுவென்று புள்ளிகள்.

"மாட்டிக்கிட்டாங்க," என்று அப்பா தூண்டிலை நேராக அவற்றின் நடுவில் இறக்கினார்.

ஒன்றும் கடிக்கவில்லை. இரையை மாற்றினார், மோட்டாரைப் போட்டுப் படகை அப்படியும் இப்படியும் திருப்பினார். அதற்குள் பெரியப்பா படகில் மீன் மேல் மீனாக ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, படம் நல்லா ஓடுதா?" என்று பெரியப்பா அங்கிருந்து கேட்டார். "இடைவேளையில முறுக்கு கிறுக்கு வேணுமா?"

"சிரிண்ணே, சிரி. சங்கு ஊதட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, இந்த மீனுங்க நகரவே இல்லையே."

"தூங்குதுங்க."

"எல்லாமா?"

அப்போது அப்பாவின் முள் எதிலோ சிக்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மேலே வந்தது மீன் இல்லை. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சிவப்புப் பளபள உருண்டை.

பெரியப்பா சிரித்த சிரிப்பில் அவர் படகே ஆடியது. லெம் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

"அது எங்க வீட்டு மரம். மீனுங்களுக்கும் கிறிஸ்துமஸ் வேணும்ல," என்றான் தொப்பிக்குள்ளிருந்து. "அதான் நான் எதையும் கழட்டாம விட்டுட்டேன்."

"அடப்பாவி, உங்கம்மா இந்த உருண்டைங்கள ஜனவரிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கா," என்றார் பெரியப்பா.

அப்பா உருண்டையை முறைத்தார். நான் திரைக்குத் திரும்பினேன். அசையாத புள்ளிகள் எல்லாம் உருண்டைகள் என்றால், அசைகிற புள்ளிகள்தானே மீன்? தேடினேன். மரத்தின் உச்சிக்குப் பக்கத்தில் சில புள்ளிகள் சோம்பலாக மிதந்துகொண்டிருந்தன. கிராப்பி மேலே பார்த்துத்தான் சாப்பிடும், கீழே குனிந்து தேடாது. அப்பா காலையிலிருந்து அவற்றைத் தாண்டித் தாண்டி இரையை இறக்கியிருக்கிறார்.

"மோட்டாரை நிறுத்துங்கப்பா. அதுங்க பயந்து ஓடுது."

என் சாதாரணக் கழியை எடுத்து, குஞ்சு மீனைக் கோத்து, அந்தப் புள்ளிகளுக்குக் கொஞ்சம் மேலே பிடித்தேன். ஒரு புள்ளி எழுந்தது. இன்னும் எழுந்தது. கழி நுனி டொக்கென்று வளைந்தது.

கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். மெதுவாகத் தூக்கினேன். உள்ளங்கையைவிடப் பெரிய மீன் படகுக்குள் துள்ளியது.

"அப்படிப் போடு," என்று அப்பா தன் கழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குக் கை ஓயவில்லை. நான் திரையைப் பார்த்து "மேல, இன்னும் கொஞ்சம் மேல" என்பேன், அப்பா தூக்குவார். பெரியப்பாவின் கேலி நின்றுவிட்டது. அவரும் படகை அதே மரத்தின் எதிர்ப்பக்கம் கொண்டுவந்து கட்டினார்.

சங்கு ஊதப் போகிற நேரம். இரண்டு படகிலும் பதினொன்று, பதினொன்று. லெம்முக்கு இன்னும் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் திரையில் அதைப் பார்த்தேன். காலையிலிருந்து பார்த்ததிலேயே பெரிய புள்ளி. மெல்ல எழுந்தது. ஆனால் எங்கள் இரையை நோக்கி இல்லை, லெம்முடைய இரையை நோக்கி. பெரியப்பாவின் பெட்டியிலும் விளக்கு மினுக்கியிருக்கும். ஆனால் மீன் யாருடைய இரைக்குப் போகிறது என்று அது சொல்லாது.

லெம் கை வலித்துப்போய்த் தூண்டிலை வெளியே எடுக்கப் பார்த்தான். அப்பாவும் திரையைப் பார்த்துவிட்டார். பேசாமல் இரு என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

எனக்கும் ஜெயிக்க ஆசைதான். ரொம்ப ஆசை. ஆனால் லெம்முடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"லெம், எடுக்காதே. அப்படியே பிடி."

"ஏன்க்கா?"

"பேசாதே. வருது. வருது. இப்ப மெதுவாத் தூக்கு, வெடுக்குன்னு இழுக்காதே."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு தூக்கினான். கழி வில்லாக வளைந்தது. பெரியப்பா வலையை நீட்டியபோது ஊரில் சங்கு ஊத ஆரம்பித்தது. அது ஊதி முடிவதற்குள் மீன் வலைக்குள் வந்துவிட்டது. லெம் கத்திய கத்தலில் கரையிலிருந்த கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன.

கரை சேர்ந்ததும் அப்பா படகைக் கட்டினார். இறங்கும்போது, "ஏன்டி?" என்றார்.

"அவன் இதுவரைக்கும் ஒரு மீன்கூடப் பிடிச்சதில்லப்பா."

"நான் மட்டும் என்ன, ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கேனா?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

சாயங்காலம் தேவாலயத்துக்குப் பின்னால் நானும் அப்பாவும் ஆளுக்கொரு கரண்டியோடு செதில் சுரண்ட உட்கார்ந்தோம். லெம் தன் மீனைப் போதகரிடம் காட்டினான், சமையல்காரர்களிடம் காட்டினான், கட்டிப்போட்டிருந்த நாயிடமும் காட்டினான். பிறகு எங்களிடம் வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஜெயிச்சவங்க சுரண்ட வேண்டாம்டா," என்றார் அப்பா.

"இது என் மீன் சித்தப்பா. நான்தான் சுரண்டுவேன்."

அப்பா அவனுக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். லெம் அந்த ஒரு மீனை வாலிலிருந்து தலைவரை நிதானமாகச் சுரண்டினான். முடித்ததும், எங்கள் குவியலிலிருந்து அடுத்த மீனை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.