பதினேழாம் இலக்கம்

முப்பத்தொன்பது இருக்க வேண்டும். நாற்பது இருந்தன.

அழகாயி பிஸ்கட் டின்னைப் பலகைமேல் கவிழ்த்து, பித்தளை டோக்கன்களை மறுபடியும் எண்ணினாள். வெளியே மத்தியானத்திலிருந்தே விடாத ஐப்பசி மழை. பாறையின் நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீர் கொட்டகைத் தகரத்தில் விழுந்து, அங்கிருந்து வாசல் படிகளில் தெறித்து, மலை முழுவதும் யாரோ கால் கழுவிக்கொண்டிருப்பதுபோல ஓயாமல் சத்தம் போட்டது. ஈரக்கல், வௌவால் எச்சம், செருப்பு ரப்பர், மூன்றும் கலந்த வாசம். ஐந்து மணிதான். அதற்குள் விளக்கு வைக்கிற இருட்டு. நாற்பதாவது டோக்கன் மட்டும் நனைந்திருந்தது. அதன் இலக்கத்தைச் செம்மண் அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

பதினேழு.

யட்டவத்தைக்குப் போகும் வழியிலுள்ள இந்தப் பழைய குகைகளுக்குள் செருப்போடு போகக்கூடாது. முதல் குகையில் படுத்திருக்கும் புத்தர். இரண்டாவதில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஓலைச்சுவடிகளும் துருப்பிடித்த வாளும் உடைந்த பானைகளும். மூன்றாவது, கம்பிக் கதவு போட்டு மூடியது. அது மலைக்குள் இறங்கி, பின்பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்கோ வாய் திறப்பதாகச் சொல்வார்கள். வாசலில் செருப்புகளை வாங்கி வைப்பது பன்னிரண்டு வருடமாக அழகாயியின் வேலை. மரத்தட்டில் நாற்பது அறைகள். ஓர் இலக்கத்துக்கு இரண்டு டோக்கன். ஒன்று அறையில் தொங்கும், மற்றது வந்தவர் கையில் போகும். பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் எத்தனை பேரானாலும் கூட்டத்துக்கு ஒரே டோக்கன்தான். போன டோக்கன் எல்லாம் டின்னுக்குத் திரும்பும்வரை வாசலைப் பூட்டக்கூடாது. உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

பதினேழாம் அறையில் அவள் மகன் தியாகுவின் செருப்பு இருந்தது.

ஐந்து வாரங்களுக்கு முன் அதை அவள்தான் கொண்டுவந்து வைத்தாள். தியாகு மாத்தளை டவுனில் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். ஏதோ ஒரு நோட்டீஸுக்காக முதலாளியை அச்சகத்திலும் அவனைத் தோட்டத்து லயத்து வீட்டிலும் வந்து பிடித்து, நம்பர் பிளேட் இல்லாத வேனில் ஏற்றினார்கள். "செருப்ப மட்டும் போட்டுக்கிறேன் சேர்" என்றான். விடவில்லை. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அறுந்த வலது வாரை அவள்தான் செப்புக் கம்பியால் கட்டிக் கொடுத்திருந்தாள். பொலிஸ், ஆமி முகாம் என்று ஏறி இறங்கிய வாசல்களில் எல்லாம், அப்படி ஒருவனைத் தெரியாது என்றார்கள். கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் போனாள். இந்தத் தட்டில் செருப்பை வைத்துவிட்டு எடுக்க வராமல் போனவர் பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் இல்லை.

ஒரு டோக்கனைச் செருப்பில் மாட்டினாள். மற்றதை யார் கையில் கொடுப்பது? பின்பக்கத் தோட்டப் பாதையில் இரவில் வேன்கள் வந்து போவதாகப் பேச்சு இருந்தது. மூன்றாம் குகையின் கம்பிகளுக்கிடையே கையை விட்டு, அதை இருட்டுக்குள் எறிந்தாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"இன்னும் எண்ணி முடியல்லியா புள்ள?" டிக்கட் விற்கும் ரவூப் நானா குடையை விரித்துக்கொண்டே கொட்டகையின் பக்கக் கதவில் வந்து நின்றார். "ஆறு மணிக்கு ஊரடங்கு. பஸ்ஸ விட்டா நீயும் நானும் வௌவாலோட தொங்க வேண்டியதுதான்."

"உள்ள யாராச்சும் இருக்காங்களா நானா?"

"இன்டைக்கு வித்ததே ஏழு டிக்கட். ஏழு பேரும் போறத என்ட கண்ணால பாத்தேன்."

"டோக்கன் ஒண்ணு கூட இருக்கு."

"கொறஞ்சாத்தான் கவல. கூடினா சந்தோசப்படேன்!"

சிரித்தவர் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு பதினேழாம் அறையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. சாவியைப் பலகைமேல் வைத்தார். "பூட்டிட்டு சுருக்கா வா புள்ள. நான் பஸ்ஸ மறிச்சு வைக்கிறேன்." திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அவள் போகவில்லை. டோக்கன் வந்துவிட்டது. அப்படியானால் வந்தவனுக்குச் செருப்பைக் கொடுக்க வேண்டும். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஐந்து வாரத்தில் முதல்முறையாக, சந்தோஷத்தில். செருப்பை முந்தானையால் துடைத்து, பலகைக்குக் கீழே இருந்த திறப்பின் வழியாக வெளிப்படியில் ஜோடியாக வைத்தாள். திறப்பு தாழ்வானது. முக்காலியில் இருக்கும் அவளுக்கு வருகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரியும். ஆட்களை அவள் காலை வைத்தே அறிவாள். தியாகுவின் காலை ஆயிரத்தில் அறிவாள். இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பிறந்த அன்றே அப்படித்தான்.

"வா சாமி" என்றாள்.

மழை நின்றது. சொட்டுச் சத்தமும் நின்றது. உள்ளே, கண்ணாடிப் பெட்டிகள் இருக்கும் பக்கமிருந்து, ஈரப் பாதங்கள் கல்லில் ஒட்டி ஒட்டிப் பிரியும் ஓசை. அவசரமில்லாத நடை. அதற்கு முன்னால் வாசம் வந்தது. புதிதாக வெட்டிய மண். எரிந்த டயர்.

இரண்டு கால்கள் படியில் வந்து நின்றன. முழங்கால்வரை செம்மண். வலது பாதம் செருப்புக்குள் நுழைந்தது. குதிகால் வெளியே நின்றது.

தியாகு இல்லை.

அந்தக் கால் கோபப்படவில்லை. மெதுவாகக் கழன்று, ஓரமாக நின்றுகொண்டது.

அடுத்த ஜோடி சிறியது. பதினைந்து வயதுகூட இருக்காது. செருப்புக்குள் தொளதொளவென்று கிடந்தது. அதுவும் விலகியது. அதற்கடுத்ததன் கணுக்காலைச் சுற்றிக் கம்பி இறுகிய தடம். அதற்கடுத்ததில் நகங்களே இல்லை.

அழகாயி குனிந்து பார்த்தாள். கால்களுக்குப் பின்னால் கால்கள். வாசலைத் தாண்டி, குகைக்குள், இருட்டு தொடங்கும் இடம் வரை. வரிசையாக. சுற்றுலா வந்த பிள்ளைகள் மாதிரி.

கூட்டத்துக்கு ஒரே டோக்கன்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த வரிசையில் அவன் இல்லாதவரை அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான். வா என்று கூப்பிட்ட வாயாலேயே, "வராத சாமி, வந்துராத" என்று முணுமுணுத்தாள். செருப்பைத் திருப்பி எடுக்கத் திறப்புக்குள் கையை நீட்டினாள்.

எட்டவில்லை. இன்னும் நீட்டினாள். விரல் நுனி கம்பி கட்டிய வாரில் பட்டது.

கால்கள் இரண்டு பக்கமும் விலகின. யாருக்கோ வழி விட்டன.

ஈர ஓசை. நெருங்கியது. நின்றது.

மண்ணில் தோய்ந்த இடது பாதம். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

செருப்பு சரியாகப் பொருந்தியது.

மற்றவை போகவில்லை. காத்து நின்றன. பிறகு முழங்கால்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. திறப்பின் வழியாக ஒரு கை உள்ளே நீண்டது. செம்மண் அப்பிய, விரித்த உள்ளங்கை. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. திறப்பு நிறையும்வரை கைகள்.

அவளுக்குப் பின்னால் தட்டில் முப்பத்தொன்பது அறைகளும் காலியாக இருந்தன. இப்போது பதினேழும்.