பல்லிக்கூடத்தில் ஒரு குடை

வகுப்பில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சிபாரிசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் இருக்கிறது. கணக்கில் யாராவது சந்தேகம் கேட்டால்கூட, பதில் சொன்ன கையோடு, “அது இருக்கட்டும், இந்த கேமை விளையாடிப் பாத்தியா?” என்று ஆரம்பித்துவிடுவேன்.

எல்லாருக்கும் தெரிந்த பெரிய கம்பெனி கேம் இல்லை. ஒருத்தரோ இரண்டு பேரோ வீட்டில் உட்கார்ந்து சொந்தமாகச் செய்கிற குட்டி கேம்கள்தான் எனக்கு உயிர். அவற்றுக்கு விளம்பரம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

ஒவ்வொரு பருவத்திலும் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் கம்ப்யூட்டர் மிஸ் ஒரு பீரியட் முழுக்க கேம் விளையாட விடுவார். எந்த கேம் என்று வகுப்பு ஓட்டுப் போடும். அந்த வாரத் திங்கட்கிழமை இரண்டு பேர் தங்கள் கேமைத் திரையில் காட்டலாம். வெள்ளிக்கிழமை ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம்.

போன இரண்டு தடவையும் நான் தோற்றேன். ஜெயித்தது டர்போ. அவனுக்குக் கார் கேம் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. நடக்கும்போதுகூட மூலை வந்தால் ‘உர்ர்ர்’ என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் திரும்புவான்.

“இந்தத் தடவையும் தோத்தா, உன் இடத்தை வேற யாருக்காவது குடுக்கணும்மா. மத்தவங்களுக்கும் ஆசை இருக்கும் இல்ல?” என்றார் மிஸ்.

நியாயம்தான். ஆனாலும், அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நான் பருவம் முழுக்கக் காத்திருப்பேன்.

திங்கட்கிழமை என் கேமைப் போட்டேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஓர் அக்கா, வேலை முடிந்து வந்து தனியாளாகச் செய்தது. அதில் நாம்தான் குடை. மழைநாளில் ஒரு சின்னப் பெண் நம்மை பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கிவிடுகிறாள். விரிந்தால் பறக்கலாம், மடங்கினால் இறங்கலாம். எப்படியாவது அவளிடம் போய்ச் சேர வேண்டும்.

எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ‘அப்பாடா, இந்தத் தடவை நமக்குத்தான்’ என்று நினைத்தேன். அப்போது அந்தப் பெண் பேசும் வரி திரையில் வந்தது.

‘என் குடையே, சீக்கிரம் வா! நான் பல்லிக்கூடத்தில் காத்திருக்கிறேன்.’

வகுப்பே சிரிப்பில் குலுங்கியது.

“பல்லிக்கூடமா!” டர்போ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “அங்க எல்லாரும் சுவத்துலதான் உக்காரணுமா?”

“லேட்டா வந்தா வாலை வெட்டிடுவாங்களா?” என்று கேட்டாள் என் பக்கத்து பெஞ்சுக்காரி. என் தோழி! அவளுமா?

“பேர் கூப்பிட்டா ‘உள்ளேன் மிஸ்’னு சொல்லாது, ‘ச்சு ச்சு’ன்னு சொல்லும்!” என்றது கடைசி பெஞ்ச். மிஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. பதினோரு தடவை விளையாடியிருக்கிறேன். குடை நனைகிறதே, பஸ் போகிறதே என்ற பதைப்பில் அந்த எழுத்தைக் கவனிக்கவே இல்லை.

“‘ள’வுக்குப் பதிலா ‘ல’ வந்துடுச்சு, அவ்ளோதானே!” என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை.

வீட்டில் அண்ணன், “பேசாம வேற கேமை மாத்திடு. மானமாவது மிஞ்சும்” என்றான்.

“மாட்டேன்.”

“பிடிவாதம்டி உனக்கு.”

“ஆமா, பிடிவாதம்தான். நீ லீவு லெட்டர்ல ‘தலைவலி’யை ‘தலைவழி’ன்னு எழுதினியே, உன்னை வீட்டை விட்டுத் துரத்திட்டோமா?”

அண்ணன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான்.

கேமின் முடிவில் அந்த அக்காவின் மெயில் முகவரி இருந்தது. அம்மாவிடம் கேட்டு, அவர் மெயிலிலிருந்தே எழுதினேன். முதலில் ‘உங்களால் என் மானமே போச்சு’ என்று அடித்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளெல்லாம் லிஃப்டோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, தனியாக இவ்வளவும் செய்திருக்கிறார். பிழை பார்த்துச் சொல்லப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அந்த வரியை அழித்தேன்.

குடை பாலத்தைத் தாண்டும்போது அழுதுவிட்டேன் என்று எழுதினேன். எழுத்துப்பிழையைச் சொன்னேன். வகுப்பு அடித்த ஜோக்கையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன். வெள்ளிக்கிழமைக்குள் திருத்த முடியுமா என்று கேட்டேன்.

செவ்வாய், புதன் பதில் இல்லை. பள்ளியில் எங்கே போனாலும் பின்னால் ‘ச்சு ச்சு’தான். வியாழன் மாலை பதில் வந்தது.

‘ஐயோ தங்கச்சி! ல, ள ரெண்டும் சின்ன வயசிலிருந்தே எனக்கு எதிரிங்க. திருத்திட்டேன். ஆனா உங்க ஜோக்கைப் படிச்சிட்டு லிஃப்டுக்குள்ளயே தனியா சிரிச்சேன். அதை வீணாக்க மனசு வரலை. பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கச் சுவத்துல ஒரு ஓட்டை வெச்சிருக்கேன். குடையை மடக்கி நுழைஞ்சு பாரு.’

நுழைந்து பார்த்தேன். நான் சிரித்த சிரிப்பில் என்னவோ ஏதோ என்று அம்மா ஓடி வந்தார்.

வெள்ளிக்கிழமை டர்போ முதலில் பேசினான். “கார். வேகம். அவ்ளோதான்.” கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

நான் எழுந்தேன்.

“இந்த கேமை ஒரே ஒரு அக்கா செஞ்சாங்க. அதுல தப்பு இருந்துச்சு. இருந்தா என்ன? நீங்க சிரிச்சா நான் வாயை மூடிடுவேன்னு நினைச்சீங்களா? இன்னிக்கு என் இடம் போனாலும் சாப்பாட்டு நேரத்துல சொல்லுவேன். பஸ்ல சொல்லுவேன். காதைப் பொத்திக்கிட்டா எழுதிக் காட்டுவேன்!”

“ஒரு நிமிஷம் ஆச்சு” என்றார் மிஸ்.

“மீதியை கேமே பேசும் மிஸ்.”

குடையை மடக்கி ஓட்டைக்குள் விட்டேன். உள்ளே ஒரு வகுப்பறை. வாசலில் ‘பல்லிக்கூடம்’ என்ற பலகை. பல்லிகள் பையை மாட்டிக்கொண்டு சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பல்லி மிஸ் கூரையில் தலைகீழாக நின்று பேர் கூப்பிட, ஒவ்வொன்றாக ‘ச்சு ச்சு’ என்றன. லேட்டாக வந்த ஒன்று, தன் வாலைக் கையில் பிடித்தபடி வாசலில் கெஞ்சிக்கொண்டிருந்தது.

“ஏய்!” டர்போ துள்ளி எழுந்தான். “சுவத்துல உக்காரணும்னு சொன்னது நான்! அது என் ஜோக்!”

“உன்னுதுதான். நான் எழுதினேன், அவங்க உள்ள வெச்சுட்டாங்க.”

“நாம சொன்னா கேப்பாங்களா?”

“அவங்க கேப்பாங்க.”

முப்பத்திரண்டு பேரில் இருபத்தோரு கைகள் குடைக்கு எழுந்தன. டர்போ அப்போதும் காருக்குத்தான் கை தூக்கினான். எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. பிடிவாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

விடுமுறை முடிந்த முதல் நாள், டர்போ என் பெஞ்ச் பக்கம் வந்து நின்றான். மூலை திரும்பும்போது ‘உர்ர்ர்’ இல்லை.

“கார் கேம் கம்பெனிக்கு மெயில் போட்டேன். காருக்குள்ள ஒரு பல்லி வேணும்னு.”

“பதில் வந்துச்சா?”

“‘உங்கள் கடிதம் கிடைத்தது’ன்னு மெஷின் அனுப்பிச்சுது. அவ்ளோதான்.”

அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. நன்றாக வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாவமாக இருந்தது. நகர்ந்து இடம் கொடுத்தேன்.

“உக்காரு. அக்கா தங்கச்சி ரெண்டு பேர் ஒரு குட்டி கார் கேம் செய்றாங்க. கார் சூப்பரா ஓடுது. ஆனா இன்ஜின் சத்தம்தான் இன்னும் சரியா வரலையாம்.”

டர்போ நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சத்தமா? அதை என்கிட்ட விடு” என்றான். “உர்ர்ர்ர்ர்!”