பழுப்புத்தாள் பிரித்த மதியம்

படிக்கட்டுப் படத்தில் தொப்பி போட்ட ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். காலையில் அவள் அதைச் சுவரில் மாட்டித் தாளால் மூடியபோது அதில் ஈ காக்கைகூட இல்லை.

இரண்டு புகைப்படக்காரர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களை எதிரெதிர்ச் சுவர்களில் ஜோடி சேர்க்கும் கண்காட்சி அது. ஒருவர் ஆளில்லாத இடங்களை மட்டுமே ஆயுள் முழுக்க எடுத்தவர். மற்றவர் சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் ஆட்களை நிறுத்தி எடுத்தவர். உயிரோடு இருந்தவரை இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லையாம். இப்போது சம்பந்தி வீட்டார் மாதிரி எதிரும் புதிருமாக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

படம் மாட்டுவதுதான் அவளுக்கும் தங்கைக்கும் பிழைப்பு. கறை துடைப்பதற்காகக் கண்ணாடியை மூடியிருக்கும் பழுப்புத்தாளை ஒரு நேரத்தில் ஒரு சுவரில்தான் பிரிக்க வேண்டும். இரண்டையும் பிரித்தால் எதிர்ப்படத்தின் பிம்பம் விழுந்து, எது கறை, எது நிழல் என்று தெரியாமல் போகும். சீக்கிரம் வீடு போய்ச் சேரும் அவசரத்தில், இன்று இரண்டு சுவரையும் ஒரே மூச்சில் பிரித்துவிட்டார்கள்.

ஆகவே அது எதிர்ச்சுவரில் மாட்டிய தொப்பிக்காரர் படத்தின் பிம்பம்தான் என்று அவள் தன்னைத்தானே கேலி செய்துகொண்டாள். இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். வலப்பக்கம் நகர்ந்தாள். பிம்பமென்றால் இடம் மாற வேண்டும். அவர் அதே படியில் நின்றார்.

எதிர்ச்சுவருக்குப் போய்த் தொப்பிக்காரர் படத்தைக் கழற்றினாள். அதில் சாம்பல் திரை மட்டும் இருந்தது.

வெயில் படக்கூடாதென்று ஜன்னலே வைக்காத கூடம். திறப்பு விழாவுக்கு முன் யாரும் எட்டிப்பார்க்கவோ படமெடுக்கவோ கூடாதென்று கண்காட்சிக்கார அம்மாள் இருவரின் செல்போனையும் வாங்கிக்கொண்டு, வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தார். நான்கு மணிக்குத்தான் வருவார். கதவைத் தட்டிப் பார்த்தாள்; உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். பழைய காகிதமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை எங்கிருந்தோ வந்தது. புதிதாக வண்ணம் பூசிய கூடத்தில் அந்த வாடைக்கு என்ன வேலை?

படங்களைத் திரும்ப மூடிவிடச் சொல்லித் தங்கையை ஏவினாள். அம்மா போனபிறகு இடுப்பில் வைத்து வளர்த்த தங்கை. தாளை எடுத்துக்கொண்டு அவள் படிக்கட்டுப் படத்தருகே போனாள்.

"அக்கா, இவரு கீழ எறங்கியிருக்காரு."

"பாக்காதடி. மூடு."

"என்னயத்தான் பாக்குறாரு."

தாள் தரையில் விழும் சத்தம். திரும்பினாள்.

யாரும் இல்லை.

கூப்பிட்டாள். ஏணிக்குப் பின்னால் பார்த்தாள். இல்லை. கதவு பூட்டியபடியே இருந்தது.

படத்தில் இருந்தாள்.

கடைசிப் படியில். மஞ்சள் சட்டை சாம்பலாகியிருந்தது. வாய் அசைந்தது. சத்தம் இல்லை. உள்ளிருந்து கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடியின் உட்புறம் பனித்தது.

அக்கா சுத்தியலை எடுத்தாள். ஓங்கினாள். கண்ணாடி உடைந்தால் உள்ளே இருப்பவள் என்னாவாள்? சுத்தியலைப் போட்டாள்.

உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். மறுபுறம் தங்கையின் உள்ளங்கை. கதகதப்பாக இருந்தது.

விரல்நுனிகள் வெளுத்தன. பிறகு சாம்பல். நகம், கணு, மணிக்கட்டு. பின்னால் இழுத்தால் கை வந்துவிடும் போலத்தான் இருந்தது.

தங்கை தலையை ஆட்டினாள். வராதே, வராதே என்று உதடுகள்.

"பயப்படாத. வந்துட்டேன்."

அக்கா கையை எடுக்கவில்லை. சிவப்புச் சட்டையின் கைப்பகுதியில் சாம்பல் ஏறியது. முழங்கை. தோள்.

தங்கைக்குப் பின்னால் தொப்பிக்காரர், இன்னொருவர் நிற்க இடம் விட்டு, சுவரோரம் ஒதுங்கினார்.