ஏழாம் எண் வில்லை

அணைக்குள் இறங்கும் வாசலில், பலகையில் ஏற்கெனவே ஒரு பித்தளை வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் எண். அவன் அக்கா கணவருடையது.

ஆறு மாதமாகக் காலியாக இருந்த ஆணி அது. எவனோ விளையாடுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தன் எட்டாம் எண் வில்லையைப் பக்கத்தில் மாட்டினான். உள்ளே போகிறவர் மாட்டவேண்டும், வெளியே வந்தால் எடுக்கவேண்டும். பலகை காலி என்றால் உள்ளே ஆளில்லை. காவலாளி கம்பிக்கதவைப் பூட்டி விளக்கை அணைத்துவிடுவார்.

அணையின் வயிற்றுக்குள் ஓடும் அந்தச் சுரங்கத்தில் நண்பகலும் நடுநிசியும் ஒன்றுதான். ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரியே சாய்ந்துகொண்டு நிற்கிற நினைப்பில் தோள் தானாகக் குறுகியது. கசிவுக் குழாய் ஒவ்வொன்றின் கீழும் ஜாடியைப் பிடித்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று அளப்பதுதான் அவன் வேலை.

முன்பு மாமாவும் அவனும் சேர்ந்து அளப்பார்கள். கடைசியாக வருகிறவன் இரண்டு வில்லைகளையும் எடுப்பது அவர்கள் வழக்கம். ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் அவனுக்கு அகோரப் பசி. மாமா முன்னாலேயே போயிருப்பார் என்று நினைத்து இரண்டையும் எடுத்துவிட்டான். பலகை காலி என்றதும், விரிசல் விட்ட கிளைச் சுரங்கத்தில் கான்கிரீட்டைக் கொட்டி மூடினார்கள். சாயங்காலம் மாமா வீடு திரும்பாதபோது அவனுக்குப் புரிந்துவிட்டது. தோண்டச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

"கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிருக்காருடா. வந்துடுவாரு" என்று அக்கா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மூடிய சுவரருகே இருந்த குழாயில் ஜாடியைப் பிடித்தான். சொட்டு விழுந்தது. கதகதப்பாக இருந்தது. அடுத்த சொட்டு சாம்பல் நிறம்.

சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. ஊழியர் குடியிருப்பையும் சுரங்கத்தையும் இணைக்கிற பழைய கம்பி.

"தம்பி" என்றாள் அக்கா. அழுகையும் சிரிப்புமாகக் குரல் தடுமாறியது. "மாமா வந்துட்டாருடா. உடம்பெல்லாம் சிமெண்ட்டு. சாப்பிட உக்காந்துட்டாரு. நீ அங்க இருந்தா வரச் சொல்லலாம்னு அடிச்சேன். அவரு என்னடான்னா, நீ எப்பவோ வெளிய வந்துட்டேங்கறாரு."

"அக்கா, நான் உள்ள..."

ரிசீவர் கை மாறும் சத்தம். யாரோ மெல்லும் சத்தம். கரகரவென்று, மணலை மெல்வதுபோல.

"ரொம்பப் பசி மச்சான். அதான் ரெண்டு வில்லையையும் எடுத்துட்டு வந்துட்டேன்."

லைன் செத்தது.

ஓடினான். கம்பிக்கதவு பூட்டியிருந்தது. அதற்கப்பால் பலகை.

இரண்டு ஆணிகளும் காலி.

கத்தினான். காவலாளி இல்லை. பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தூரத்தில் கலவை யந்திரம் சுழலும் ஓசை.

கடைசி விளக்கு.

இருட்டில் ஏதோ கணுக்காலைத் தொட்டது. கெட்டியாக, கதகதப்பாக. மெல்ல முழங்காலுக்கு ஏறியது.