வானத்தைச் சூடாக்கவா?

வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வீட்டுக்கு வெப்பம் தரும் கரிப் பாய்லரில் தீ மூட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

நிலவறையில் தோக்தோசுன் புதுக் குழாய்களைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். பாய்லரை ஒட்டி ஒரு மீட்டர் இரும்பு. அதற்கப்பால் வெள்ளைப் பிளாஸ்டிக். இணைப்புகளையெல்லாம் அவரே உருக்கி ஒட்டியிருந்தார். எங்கும் ஒழுகவில்லை. மகள் ஐஸிரெக் மேலே மாவு பொரிக்கும் எண்ணெய் வாசனை பலகை இடுக்குகள் வழியே இறங்கியது. வியாழக்கிழமை அந்த வாசனை எழுந்தால் இறந்தவர்கள் வீடு தேடி வந்து பசியாறுவார்கள். அவளுடைய அம்மா புருல் போன ஜனவரியில் இறந்தாள்.

டங். டங்.

கை குழாயிலேயே நின்றது. டீ போட்டதும் புருல் சமையலறைக் குழாயில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். முப்பது வருடம் அப்படித்தான் அவரை மேலே அழைத்தாள்.

"ஐஸி! குழாயத் தட்டினியா?"

"ரெண்டு கையும் மாவுப்பா! உங்க குழாயத் தட்டினா யாருக்குக் கேக்கும்? காலையில தட்டிப் பாத்தேன். பொம்மைக் கடையில வாங்கின மாதிரி தொப்பு தொப்புங்குது."

அறுத்துப் போட்ட பழைய இரும்புக் குழாய்கள் மூலையில் அடுக்கிக் கிடந்தன. சத்தம் அங்கிருந்துதான் வந்தது. அவற்றின் மேல் இருந்த தூசி கலையவில்லை.

குளிர்காலமெல்லாம் புருலோடு ஒரே சண்டை. புகைபோக்கியை அடைக்கும் இரும்புத் தகடு சமையலறைச் சுவரில் இருந்தது. கரி கனன்றுகொண்டிருக்கும்போதே இடது காலை இழுத்து இழுத்துப் போய் அதை உள்ளே தள்ளிவிடுவாள். "வானத்தைச் சூடாக்கவா கரி வாங்குறோம்?" என்பாள். அந்த ஜனவரி இரவில் அவர் சலித்துப்போய், "மூடித் தொலை" என்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டில் படுத்துக்கொண்டார். காலையில் வந்து பார்த்தபோது அவள் போர்வைக்குள் கிடந்தாள். கரிப்புகையின் விஷம் ஏறி, கன்னங்கள் புதுப்பெண்ணுக்குப் போலச் சிவந்திருந்தன.

பிரசவம் முடிந்து ஐஸிரெக் வருவதற்கு முன்பே அந்தத் தகட்டைச் சுவரிலிருந்து பிடுங்கி, இங்கே கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருந்தார். பயப்படாமல் பிள்ளையோடு வா என்று அவர்தான் சொன்னார்.

"பையன் என்ன பண்றான்?"

"தூங்குறான்." அவள் கொட்டாவி விட்டாள். "இப்பத்தான் வீடு வீடா இருக்கு. அவன் கன்னத்தப் பாக்கணுமே. செக்கச்செவேல்னு!"

அவர் திரும்பிப் பார்த்தார்.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே தகட்டின் அளவில் ஒரு துருக்கறை.

மேலே இரும்பு உரசியது. மெல்ல, கடைசிவரை. அவருக்குத் தெரிந்த சத்தம்.

பாய்லர் கதவிடுக்கில் புகை திரும்பி வந்தது. நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. எவ்வளவு நேரமாக வலிக்கிறது? ஏணியைப் பிடித்தார். ஒரு படி. இரண்டு.

"ஐஸி... ஜன்னலத் திற... பையனத் தூக்கிட்டு ஓடு..."

குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

தலைக்கு மேல் பலகைகள் முனகின. ஐஸிரெக் போய் உட்காரும் சத்தம். அப்புறம் இன்னொரு நடை. இடது காலை இழுத்து இழுத்து. தொட்டில் வரைக்கும்.

மூன்றாவது படி. நிலவறைக் கதவைத் தள்ளினார்; அரை அங்குலம் எழும்பி நின்றுவிட்டது. மேலே யாரோ அதன்மேல் கம்பளம் விரித்திருந்தார்கள், குளிர் ஏறாமலிருக்க. புருல் எப்போதும் விரிப்பது போல.

டங். டங்.

"அப்பா..." ஐஸிரெக்கின் குரல் தூக்கத்தில் குழைந்தது. "அம்மா பையனுக்குப் போத்திவிடுறாங்க. டீ ஆறுதாம். மேல வரலியா?"