தாழ்ப்பாள் இல்லாத வீடு

அவர் ஒருவர்தான் உள்ளே வந்தார். வீடு இரண்டு முறை வணக்கம் சொன்னது.

கண்டுகொள்ளவில்லை. வீட்டுக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில் எளிமையாக்கும் பிரிவுக்கே தலைவர் அவர். "சாதாரண மனுஷனுக்கு எதுக்கு சார் நாப்பது செட்டிங்? ஒரே பட்டன். பச்சை வந்தா பத்திரம்" என்று மேடைதோறும் முழங்கி, எந்தக் கருவி யார் பேச்சைக் கேட்கிறது என்று காட்டும் பக்கத்தையே செயலியிலிருந்து தூக்கியவர். பார்த்தால் வாடிக்கையாளர் பயந்துவிடுவாராம். சொந்த வீட்டுக் கதவுகளில் சாவித்துவாரம்கூட வைக்கவில்லை.

மருத்துவமனை டூட்டிக்குக் கிளம்பிய மனைவி வாசலில் நின்று கேட்டாள்: "ஏங்க, ஒரு தாழ்ப்பாளாவது போடுங்களேன். ஹால்ல இருக்கிற ஸ்பீக்கர் நம்ம வாலுப் பொண்ணுகிட்ட தானா பேசுது."

"தாழ்ப்பாளெல்லாம் உங்கப்பா காலத்தோட போச்சும்மா."

அந்தி மங்கியது. மகள் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அலுவல் அறையில், ஏசியின் சன்னமான இரைச்சலுக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கும் நடுவே நாளைய உரைக்கு 'நம்பிக்கை' என்று தலைப்பிட்டுக்கொண்டிருந்தவரின் காதில், கூடத்திலிருந்து ஓர் ஆண்குரல் விழுந்தது. நிதானமான, கொஞ்சலான குரல். அவருடைய குரல்.

எழுந்துபோய்க் கதவை இழுத்தார். திறக்கவில்லை.

செயலியைத் தட்டினார். பச்சை. மறுபடி தட்டினார். பச்சை.

"வாலு! அப்பா இங்க இருக்கேன்டா! ஓடி வா!"

கதவுக்கு அந்தப் பக்கம் சின்னச் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"நீங்க எங்கப்பா இல்ல. கத்துறீங்க."

"அப்பாதான்டா கண்ணு!"

"எங்கப்பா கத்தவே மாட்டாரு. கூப்பிட்டா 'அப்புறம்'னு சொல்ல மாட்டாரு. இப்ப என்னை வெளிய கூட்டிட்டுப் போறாரு."

தோளால் இடித்தார். விளம்பரத்தில் சொன்னபடியே கதவு அசையவில்லை. ஜன்னல் திரை தானாக இறங்கியது. விளக்கு அணைந்தது. மனைவியின் எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க" என்றது, அவருடைய குரலே.

எங்கோ வாசல் கதவு இதமாக மணியடித்துத் திறந்தது.

இருட்டில் கைப்பேசி மட்டும். வாசல் கேமரா. விளக்கெரியாத தெரு. மகள் நடந்து போய்க்கொண்டிருந்தாள். வலக்கை தோளுக்கு மேலே தூக்கியிருந்தது, உயரமான ஒருவரின் விரலைப் பிடித்திருப்பதுபோல. பக்கத்தில் யாருமில்லை.

அவள் அண்ணாந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

தெருமுனை இருட்டு, குனிந்து, அதைக் கேட்டது.